98.7: பெயர் ஒருவருக்கு, அலைவரிசை இன்னொருவருக்கு

ஒரு வானொலி நிலையம் மூடப்படும்போது உண்மையில் எது மூடப்படுகிறது? கோபுரத்தை யாரும் இடிப்பதில்லை. அலைவரிசை அதே எண்ணில் இருக்கிறது. அங்கே ஒலித்த பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன, முன்பைவிட எளிதாகவே கிடைக்கின்றன. ஆனாலும் 2012 ஏப்ரல் கடைசியில் நியூயார்க்கின் கறுப்பின மக்கள், வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்விட்டதுபோல ஒரு பண்பலை நிலையத்துக்காகத் துக்கப்பட்டார்கள். 98.7 கிஸ் எஃப்.எம். என்பது அதன் பெயர். 31 ஆண்டுகள் அந்த நகரத்தில் ஒலித்தது. ஏப்ரல் 26 அன்று அறிவிப்பு வந்தது. நான்கு நாள்கூட ஆகவில்லை, நள்ளிரவோடு அந்த எண்ணில் விளையாட்டுச் செய்திகள் ஒலிக்கத் தொடங்கின.

நமக்கும் நியூயார்க் வானொலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாங்கள் ஐந்து பேர் கொண்ட சிறு சமூகப்பணிக் குழு. சில மாதங்களாக எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளுக்காக ஒரு சமுதாய வானொலிக்கு விண்ணப்பிப்பதா, இல்லை, யூட்யூப் சேனல் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா? 'இந்தக் காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள்' என்பது ஒரு தரப்பு. 'கேட்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா' என்பது மறு தரப்பு. இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் எங்களைக் கிஸ் எஃப்.எம்.மிடம் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் அந்தக் கதையை இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. கிஸ் எஃப்.எம். தன் பிற்பகுதியில் 'அர்பன் அடல்ட் கன்டெம்பரரி' என்ற வகையில் வந்த நிலையம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நகர்ப்புற, வயதுவந்தோருக்கான, சமகால இசை' என்று பொருள் வரும். நடைமுறையில் அதன் பொருள் வேறு: இளவட்டத்தைத் தாண்டிய கறுப்பின மக்கள் கேட்கும் சோல், ஆர் அண்ட் பி பாடல்கள். 'கறுப்பின' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நகர்ப்புற' என்று சொல்கிறார்கள். ஏன்? 1970களில் 'அர்பன் கன்டெம்பரரி' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவராக அறியப்படுபவர் பிராங்கி குரோக்கர். அவரும் கறுப்பினத்தவர்தான், நியூயார்க்கின் டபிள்யூபிஎல்எஸ் நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர். 'கறுப்பின நிலையம்' என்றால் விளம்பரதாரர் முகம் சுளிப்பார், 'நகர்ப்புற நிலையம்' என்றால் பணம் தருவார். அடையாளத்தை மறைத்தால்தான் வாடகைக்கு வீடு கிடைக்கும் என்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசை நிறுவனம் இந்தச் சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தது. கிராமி விருதுகளும் ஒரு பிரிவின் பெயரிலிருந்து அதை நீக்கின. அந்தச் சொல் தன் வேலையைச் செய்து முடிக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாழ்க்கையில் வானொலி என்னவாக இருந்தது என்று தெரியாமல் கிஸ் எஃப்.எம். மீதான பாசம் புரியாது. 1949இல் மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூடிஐஏ நிலையம் தன் நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின மக்களுக்காக மாற்றியது. உரிமையாளர்கள் வெள்ளையர்கள். அறம் பேசி அவர்கள் மாறவில்லை, நட்டத்தில் ஓடியதால் மாறினார்கள். அதே ஆண்டு அட்லாண்டாவில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பினக் கணக்காளர் டபிள்யூஇஆர்டி நிலையத்தை விலைக்கு வாங்கினார். கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் அதுதான். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அலுவலகமும் அதே கட்டடத்தில் இருந்தது. அவர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினால் மேலேயிருந்து மைக்கை இறக்கிவிடுவார்கள் என்று ஒரு கதை அட்லாண்டாவில் இன்றும் சொல்லப்படுகிறது.

1963 மே மாதம் பர்மிங்ஹாமில் பள்ளிக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து கைதானார்கள். அவர்களைத் திரட்டியதில் வானொலி அறிவிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஷெல்லி ஸ்டூவர்ட், 'டால் பால்' வைட் போன்றவர்கள் பாட்டுக்கு நடுவே குறிப்பால் பேசினார்கள். பூங்காவில் விருந்து இருக்கிறது, வரும்போது டூத் பிரஷ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதுபோலச் சொன்னால், சிறையில் தங்கப் போகிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரியும், காவல்துறைக்குப் புரியாது. 1967இல் அட்லாண்டாவில் வானொலி அறிவிப்பாளர்களின் மாநாட்டில் பேசிய கிங், இயக்கத்துக்கு அவர்கள் செய்த வேலைக்கு நன்றி சொன்னார். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் எங்கள் மக்களை எட்டாத இடத்தில் வானொலி எட்டுகிறது என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

இனி நியூயார்க். 1970களின் முதல் பாதியில் இன்னர் சிட்டி பிராட்காஸ்டிங் என்ற நிறுவனம் டபிள்யூஎல்ஐபி, டபிள்யூபிஎல்எஸ் என்ற இரண்டு நிலையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியது. இதை முன்னின்று நடத்திய பெர்சி சட்டன், மால்கம் எக்ஸின் வழக்கறிஞராக இருந்தவர். கூட நின்றவர் ஹால் ஜாக்சன். 1939இல் வாஷிங்டனில் ஒரு நிலையத்தில் வேலை கேட்டுப்போன ஹால் ஜாக்சனிடம் 'கறுப்பன் குரல் இங்கே ஒலிக்காது' என்ற பொருளில் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அவர் ஒரு விளம்பர முகவர் வழியாக அதே நிலையத்தில் நேரத்தை விலைக்கு வாங்கினார். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில்தான் வந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அப்படித் தொடங்கிய மனிதர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மைக்கின் முன் இருந்தார்.

கிஸ் எஃப்.எம். பிறந்தது இந்த டபிள்யூபிஎல்எஸ்ஸுக்குப் போட்டியாக, 1981இல். இங்கே ஒன்றை அடிக்கோடிட வேண்டும். கிஸ் ஒருநாளும் கறுப்பினத்தவரின் சொத்தாக இருந்ததில்லை. முதலில் ஆர்கேஓ ஜெனரல், பிறகு சம்மிட், 1994 முதல் இண்டியானாபொலிஸின் எம்மிஸ் என்று கைமாறியது. ஆனால் உள்ளே வேலை செய்தவர்கள், பேசியவர்கள், பாட்டைத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். பேரி மேயோ போன்ற நிகழ்ச்சி இயக்குநர்கள் அதை நகரத்தின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். 1983இல் டபிள்யூபிஎல்எஸ்ஸில் மிஸ்டர் மேஜிக் ராப் பாடல்களைப் போட, கிஸ்ஸில் கூல் டிஜே ரெட் அலர்ட் வார இறுதிகளில் பதிலடி கொடுத்தார். பிராங்க்ஸ் தெருமுனைகளில் பிறந்த ஓர் இசை பெரிய வானொலிக்குள் நுழைந்ததில் இந்தப் போட்டிக்குப் பங்கு இருக்கிறது. பெரிய நிலையங்கள் பலவும் ராப்பை இசையாகவே ஏற்காத காலம் அது.

எம்மிஸிடம் ஏற்கெனவே ஹாட் 97 என்ற நிலையம் இருந்தது. கிஸ்ஸையும் வாங்கியதும் வீட்டைப் பிரித்துக் கொடுப்பதுபோலச் செய்தார்கள்: ராப்பும் இளைஞர்களும் ஹாட் 97க்கு, பழைய சோலும் பெரியவர்களும் கிஸ்ஸுக்கு. வணிகக் கணக்கில் எடுத்த முடிவுதான். ஆனால் மக்களுக்கு அதில் வேறொன்று கிடைத்தது. சிகாகோவில் டபிள்யூவிஏஇசட் நிலையம் 1988இலேயே இந்த வழியைக் காட்டியிருந்தது. நியூயார்க்கில் கிஸ் அதைத் தன் பாணியில் செய்தது. 1990களின் பிற்பகுதியில் காலை நிகழ்ச்சியை நடத்தியவர் ஐசக் ஹேய்ஸ். ஆஷ்ஃபோர்ட், சிம்சன் என்ற புகழ்பெற்ற பாடகத் தம்பதி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பாடலை எழுதியவரே பாடலைப் போட்டு, அது பிறந்த கதையையும் சொல்வார். இரவில் லெனி கிரீன் மெல்லிய குரலில் காதல் பாடல்களைப் போடுவார். பேருந்து ஓட்டுநர்கள், மருத்துவமனைத் தாதிகள், இரவுக் காவலர்கள், தலைமுடி பின்னும் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் என உழைக்கும் நகரத்தின் பின்னணி ஒலி அது.

இதோடு 'ஓப்பன் லைன்' என்று ஞாயிறு காலை ஓர் உரையாடல் நிகழ்ச்சி. பாப் ஸ்லேட், பாப் பிக்கெட், இசைக்கலைஞர் ஜேம்ஸ் எம்டூமே ஆகியோர் நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். நிராயுதபாணியான அமடு டியாலோ மீது 1999இல் காவலர்கள் 41 முறை சுட்டார்கள். 2006இல் ஷான் பெல், தன் திருமண நாளன்று காவலர்களின் 50 குண்டுகளுக்கு நடுவே செத்தார். அப்படிப்பட்ட நகரத்தில், நாளிதழ் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் தன் குரலில் கோபப்பட ஓர் இடம் இருப்பது சாதாரணமல்ல. பிற்பகலில் பேசிய மைக்கேல் பெய்ஸ்டன் கிஸ்ஸில் தொடங்கி நாடு முழுவதும் ஒலிபரப்பானவர். 2007 செப்டம்பரில் லூசியானாவின் ஜீனா என்ற சிற்றூருக்கு, ஆறு கறுப்பின மாணவர்கள் மீதான வழக்கைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் பேருந்துகளில் போய் இறங்கினார்கள். பெரிய ஊடகங்கள் கண்ணைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கூட்டத்தைத் திரட்டியதில் பெய்ஸ்டன் போன்ற வானொலிக் குரல்கள் முன்னால் நின்றன. காதல் பாட்டு போடும் நிலையம்தான் பேருந்தும் ஏற்பாடு செய்தது. இசையும் அரசியலும் வேறு வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை.

நாங்கள் இதைக் கேட்கத் தொடங்கியது முதுகலை சமூகவியல் படித்தபோது. அமெரிக்க இன உறவுகள் பற்றிய தாளுக்காகப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, விடுதியில் ஒரு தோழர் இணையத்தில் அந்த ஒலிபரப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவர்களின் ஞாயிறு காலை எங்களுக்கு ஞாயிறு மாலை. ஒரே மடிக்கணினியைச் சுற்றி நான்கு பேர். பேச்சு பாதிதான் புரியும். ஆனால் அழைத்துப் பேசும் பெண்களின் குரலில் இருந்த அதிகாரம் முழுதாகப் புரிந்தது. 'நான் புரூக்ளினிலிருந்து பேசுகிறேன்' என்று தொடங்கி, யாருக்கும் பயப்படாமல், சிரித்துக்கொண்டே ஒரு மேயரைக் கிழிப்பார்கள். எங்கள் ஊர் வானொலிகளில் எங்கள் அம்மாக்கள் பாட்டு கேட்டு அழைத்தால், 'எங்கேருந்து பேசுறீங்க' என்ற கேள்விக்கு ஊர்ப் பெயரைச் சொல்வார்களே தவிர, தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். இறுதியாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் கிஸ் முடிந்த செய்தி வந்தது.

இவ்வளவு நேசிக்கப்பட்ட ஒன்று எப்படிச் சரிந்தது? 'மக்கள் ரசனை மாறிவிட்டது, இணையம் வந்துவிட்டது' என்பது எளிய பதில். அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அது பாதிக் கதை.

முதலில் விளம்பரம். அமெரிக்க விளம்பர உலகில் 'நோ அர்பன் டிக்டேட்' என்றொரு நடைமுறை இருந்தது. கறுப்பின நிலையங்களில் எங்கள் விளம்பரத்தைப் போடாதே என்று நிறுவனங்கள் முகவர்களுக்குக் கொடுக்கும் உத்தரவு. 1998இல் ஒரு முகவர் நிறுவனத்தின் உள்சுற்றறிக்கை வெளியே கசிந்தது. வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்கள்தான் வேண்டும், சந்தேகத்துக்குரியவர்கள் வேண்டாம் என்பது அதன் பொருள். ஒரு வானொலியின் நேயர்கள் முழுவதையும் குற்றப் பட்டியலில் வைத்த வரி அது. அடுத்த ஆண்டு மத்திய தகவல் தொடர்பு ஆணையத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, கேட்போர் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் கறுப்பின நிலையங்களுக்குக் குறைந்த வருவாயே கிடைக்கிறது என்று காட்டியது. விளம்பர ஒப்பந்தங்களில் இந்தப் பாகுபாட்டை ஆணையம் தடைசெய்ய முடிவெடுத்தது 2007 டிசம்பரில்தான்.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு நகைக்கடை நினைவுக்கு வந்தது. எங்கள் குழு நடத்திய சிறு இதழுக்கு விளம்பரம் கேட்டுப் போயிருந்தோம். முதலாளி தேநீர் கொடுத்தார், இதழைப் புரட்டினார், படங்களைப் பார்த்தார். 'நல்லாத்தான் தம்பி இருக்கு. ஆனா இதப் படிக்கிறவங்க நம்ம கடைக்கு வர்றவங்க இல்லையே' என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் பகுதி அக்கா ஒருவர் அதே கடையில் மாதச் சீட்டுப் பணம் கட்ட வரிசையில் நின்றிருந்தார்.

இரண்டாவது, உடைமை. 1978இல் அமெரிக்க அரசு ஒரு வரிச்சலுகையைக் கொண்டுவந்தது. சிறுபான்மையினருக்குத் தன் நிலையத்தை விற்பவர், லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடலாம். நாற்பதுபோல இருந்த சிறுபான்மையினர் நிலையங்கள், இந்தச் சலுகை நடப்பிலிருந்த காலத்தில் முந்நூறைத் தாண்டின. 1995இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் ஒரு நிறுவனம் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கு இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது, ஒரே நகரத்தில் எட்டு வரை வைத்திருக்கலாம் என்றானது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. ஏணியை எடுத்துவிட்டு மதிலை உயர்த்தினார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். நிலையங்களின் விலை ஏறியது. வாங்கியவர்கள் கடனில் வாங்கினார்கள். கடனை அடைக்க ஆட்களைக் குறைத்தார்கள். உள்ளூர்க் குரல் இருந்த இடத்தில், நாடெங்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. அவை மோசமானவை அல்ல. பெய்ஸ்டனும் அப்படிப் பரவியவர்தான். ஆனால் ஹார்லெமில் நேற்றிரவு எரிந்த வீட்டைப் பற்றி இன்று காலை பேச ஆள் குறைந்தது.

மூன்றாவது, எண்ணுவது. சமூகவியல் படித்தவர்களாக எங்களை அதிகம் பிடித்துவைப்பது இந்தப் பகுதிதான். வானொலிக்கு எத்தனை நேயர்கள் என்று அப்போது கணக்கெடுத்தது ஆர்பிட்ரான் என்ற நிறுவனம். பல ஆண்டுகள் அது நாட்குறிப்பு முறையில் நடந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சிறு நோட்டு கொடுப்பார்கள். ஒரு வாரம் எந்த நிலையத்தை எப்போது கேட்டீர்கள் என்று எழுதித் தர வேண்டும். 2008இல் நியூயார்க்கில் இதற்குப் பதிலாக ஒரு கருவி வந்தது. பேஜர் அளவில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவி. ஒலிபரப்பில் மறைத்து வைக்கப்பட்ட, காதுக்குக் கேட்காத குறியீட்டை அது தானே பதிவு செய்துகொள்ளும். கருவி வந்ததும் கறுப்பின, லத்தீன் நிலையங்களின் மதிப்பெண்கள் பல நகரங்களில் சடசடவென விழுந்தன. கருவியைச் சுமக்கத் தேர்ந்தவர்களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்களும், கைபேசி மட்டும் வைத்திருக்கும் வீடுகளும் போதிய அளவில் இல்லை என்று நிலையங்கள் புகார் சொன்னன. 2008 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ வழக்குத் தொடர்ந்தார். 2009 ஜனவரியில் ஆர்பிட்ரான் சமரசத்துக்கு வந்து, மாதிரியைச் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டது. ஆனால் விளம்பரச் சந்தை தீர்ப்புக்காகக் காத்திருக்காது. அதே நேரத்தில் பொருளாதாரச் சரிவும் வந்து சேர்ந்தது.

கருவியின் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதும்போது மனிதர்கள் தாங்கள் நேசிக்கும் நிலையத்தின் பெயரை எழுதுவார்கள், நாள் முழுக்கக் கேட்டதாக எழுதுவார்கள். கருவிக்கோ விசுவாசம் தெரியாது, காதில் விழுந்தது மட்டுமே தெரியும். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் கேள்வி இன்னும் ஆழமாகிறது. ஒரு நிலையம் தன் மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை எது சரியாகச் சொல்கிறது, அவர்கள் எழுதிய பெயரா, கருவி எண்ணிய நிமிடங்களா? நாங்கள் படிவங்களோடு வீடு வீடாகப் போகிறவர்கள். காலை பத்து மணிக்குப் போனால் தூய்மைப் பணியாளர்களின் வீடுகள் பூட்டியிருக்கும், ஏனென்றால் அவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். 'வீட்டில் ஆளில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற கணக்கெடுப்பில், நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் நகரத்தில் இல்லாதவர்களாகிவிடுவார்கள். யாரையும் வெறுக்காமலேயே ஒரு படிவம் பாகுபாடு காட்ட முடியும். அந்தக் கருவி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

இப்படியாக 2012 வந்தது. ஒரே நேயர்களுக்காக 98.7இல் கிஸ்ஸும், 107.5இல் டபிள்யூபிஎல்எஸ்ஸும் அடித்துக்கொண்டிருந்தன. பெர்சி சட்டன் 2009 டிசம்பரில் இறந்துவிட்டார். 2011இல் இன்னர் சிட்டி மீது கடன் கொடுத்தவர்கள் திவால் வழக்குத் தொடுத்தார்கள். அதன் நிலையங்கள் ஒய்எம்எஃப் மீடியா என்ற புதிய நிறுவனத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. முதலீட்டாளர் ரான் பர்க்கிள், கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் ஆகியோரின் நிறுவனம் அது. எம்மிஸுக்கும் கடன் சுமை. எனவே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 98.7 அலைவரிசையை டிஸ்னியின் ஈஎஸ்பிஎன்னுக்கு 12 ஆண்டுக் குத்தகைக்கு எம்மிஸ் விட்டது, ஆண்டுக்கு 84 லட்சம் டாலரில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் தொகைக்கு. கிஸ் என்ற பெயர் உள்ளிட்ட அறிவுசார் சொத்துகளை ஒய்எம்எஃப் 1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஓப்பன் லைன், லெனி கிரீன் உட்படச் சில நிகழ்ச்சிகளும் சில குரல்களும் டபிள்யூபிஎல்எஸ்ஸுக்குப் போயின. மற்றவர்கள் வேலையிழந்தார்கள். 'இணைப்பு' என்று அறிவித்தார்கள். இரண்டு நிலையங்கள் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. அடுத்த மாதமே ஹால் ஜாக்சனும் காலமானார்.

அந்த ஒப்பந்தத்தை நிதானமாகப் பாருங்கள். ஒரு வானொலி நிலையத்தைச் சந்தை எப்படிக் கூறு போடுகிறது என்று அதில் தெரிகிறது. அலைவரிசைக்கு ஒரு விலை. பெயருக்கு ஒரு விலை. 31 ஆண்டுகள் நோட்டில் பெயர் எழுதியவர்களுக்கு, தொலைபேசியில் அழைத்தவர்களுக்கு, பேருந்தில் ஏறியவர்களுக்கு எந்த விலையும் இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தின் தரப்பே அல்ல. அந்தப் பெயரை மதிப்புள்ளதாக ஆக்கியதே அவர்கள்தான்.

பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. 2014இல் டபிள்யூபிஎல்எஸ், டபிள்யூஎல்ஐபி இரண்டையும் எம்மிஸே 13.1 கோடி டாலருக்கு வாங்கியது. கிஸ்ஸை முடித்துவைத்த நிறுவனம், கிஸ்ஸின் நேயர்கள் தஞ்சம் புகுந்த வீட்டையும் வாங்கிக்கொண்டது. மால்கம் எக்ஸின் வழக்கறிஞர் கட்டிய வீடு அது. 2024இல் குத்தகை முடிந்ததும் விளையாட்டு நிலையமும் 98.7ஐ விட்டு 880 ஏ.எம்.முக்கு நகர்ந்தது. யாருக்காகக் காலி செய்யச் சொன்னார்களோ அவர்களும் காலி செய்துவிட்டார்கள்.

இதிலிருந்து 'நமக்குச் சொந்தமாக இருந்தால் போதும்' என்ற முடிவுக்கு வர முடியாது. கிஸ் சொந்தமில்லாமல் போனது உண்மை. இன்னர் சிட்டி சொந்தமாக இருந்தும் கடனில் போனது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சொந்தமாக இருந்தது நாற்பது ஆண்டுகள் போராடி விழுந்தது. சொந்தமில்லாதது நான்கு நாள் அறிவிப்பில் விழுந்தது.

நம் நாட்டில் காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கும் விளையாட்டு ஒளிபரப்பு பற்றியதுதான், கிரிக்கெட். தீர்ப்பு வந்த பிறகும் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, சமுதாய வானொலியும் முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் மறு ஒலிபரப்புச் செய்யலாம். 2006இல் வந்த கொள்கை, பதிவுபெற்ற தொண்டு அமைப்புகளுக்குச் சமுதாய வானொலிக்கான கதவைத் திறந்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே மச்னூரில் 2008 அக்டோபரில் தொடங்கிய சங்கம் வானொலியை நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, விவசாயம், பாட்டு, உடல்நலம் என்று தங்கள் பேச்சுவழக்கிலேயே பேசுகிறார்கள். கோபுரம் சிறியது, எட்டும் தூரம் குறைவு. ஆனால் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று அவர்கள் யாரையும் கேட்கத் தேவையில்லை.

எங்கள் குழுவின் விவாதம் இன்னும் முடியவில்லை. யூட்யூபில் செலவு இல்லை, உரிமம் வேண்டாம், உலகம் முழுக்கக் கேட்கும், செய்தியும் பேசலாம். சமுதாய வானொலிக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும், கிடைத்தாலும் பேச்சுக்குக் கட்டுப்பாடு. இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறோம். ஆனால் யூட்யூபில் சேனலின் பெயர் மட்டும்தான் நமக்கு. தெரு அவர்களுடையது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும் கருவியும் அவர்களுடையது, யார் கண்ணில் நம்மைக் காட்டுவது என்ற முடிவும் அவர்களுடையது. 98.7இன் நேயர்களுக்கு நான்கு நாளாவது கிடைத்தது. நமக்கு ஒரு மின்னஞ்சல் வரும்.

இப்போதைக்கு ஒன்றை முடிவு செய்திருக்கிறோம். எதைத் தொடங்கினாலும் பதிவுகள் அனைத்தும் எங்கள் கையில் ஒரு நகல் இருக்கும். நேயர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவர்கள் சம்மதத்தோடு, எங்கள் நோட்டில் இருக்கும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் குடியிருப்புப் பெண்களாக இருப்பார்கள். விற்கவோ மூடவோ இணைக்கவோ அவர்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று விதியிலேயே எழுதிவைப்போம். இதுவும் போதாமல் போகலாம். ஆனால் ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால், பேசியவர்களும் கேட்டவர்களும் அதில் ஒரு தரப்பாக இருப்பார்கள்.

உங்கள் பகுதியில் இப்படி முயன்றவர்கள் இருந்தால் எங்களோடு பேசுங்கள். சமுதாய வானொலிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், சேனல் நடத்திக் களைத்தவர்கள், இரு தரப்பும் வேண்டும். வரும் மாதம் குடியிருப்பில் இதற்காகக் கூடுகிறோம். கூட்டம் இரவு எட்டு மணிக்கு, ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.